புளிமூட்டைக்குத் தெரியாத புளிப்பு

புளி என்கிற சொல்லுக்கு அகராதியில் போட்டிருக்கும் பொருளை நம்பி யாரும் மோசம் போக வேண்டாம். அந்தச் சொல்லை ஒட்டுமொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, உழுது, பயிர் வைத்து, முப்போகம் அறுத்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எழுபதுகளில் புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியாகப் பாகூருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ்ஸின் கண்டக்டர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அதை அவரே மறந்துபோயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கரிக்கலாம்பாக்கத்தில் பேச்சு வராத கைக்குழந்தையைக் கேட்டாலும் ‘புளிமூட்டை’ என்றுதான் சொல்லும்.

நான் அப்போது புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க எழுத்துப் பிழை பார்த்துவிட்டு, சாயந்தரம் கரிக்கலாம்பாக்கம் திரும்ப அந்த பஸ்ஸை விட்டால் வேறு கதி கிடையாது. ஒரு சொல்லைத் தாறுமாறாகப் பயன்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்தக் காலத்தில் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகாதவன், கோபத்தைச் செலவு பண்ண வேறு இடம் இல்லை. அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் இந்த மனிதரிடம் மாட்டிவிட்டது என் தலையெழுத்து.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பஸ்ஸுக்குள் ஒரு காலை ஊன்றினால் இன்னொரு காலை அடுத்த ஸ்டாப்பில்தான் ஊன்ற முடியும் என்கிற நிலைமை. அந்த நேரத்திலும் இவர் மூலக்குளத்தில் நிறுத்தி, நின்றிருந்த கூட்டம் மொத்தத்தையும் ஏற்றினார். உரக்கடைக்காரர் ஒருவர், நெற்றி கம்பியில் நசுங்கிய நிலையிலேயே கத்தினார்.

“யோவ், இன்னாய்யா புளிமூட்ட கணக்கா அடைக்கிற? மனுசங்கய்யா நாங்க!”

“புளிமூட்டன்னா இளக்காரமா பூட்டுச்சா ஒனக்கு? அது உள்ள எத்தினி புளி கீது, ஒண்ணாச்சும் வாயத் தொறந்து எடம் இல்லன்னு கத்திக்கீதா? மெரிச்சு அழுத்தி வெச்ச புளிதான்யா கெடாம இருக்கும். உன்னிய நான் கெடாம வூடு கொண்டுபோய்ச் சேக்கறேன், கம்முனு வா!”

பஸ்ஸே சிரித்தது. அன்றோடு அவர் புளிமூட்டை ஆனார். வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொள்வார்கள். இவரோ பட்டம் கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு புளி இல்லாமல் அவர் ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு அம்மாள் அரைத்த இட்லி மாவைத் தூக்கில் எடுத்துக்கொண்டு ஏறினாள். நெரிசலிலும் வெக்கையிலும் அது பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அவள் புலம்ப ஆரம்பித்ததுதான் தாமதம், இவர் பின்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்: “ஏறும்போது வெறும் மாவும்மா அது, எறங்கும்போது புளிச்ச மாவு. ஒரு ராத்திரி வேலய நம்ம வண்டி அர மணியில செஞ்சு குடுத்துக்கீது. நியாயமா பாத்தா மாவுக்குத் தனியா டிக்கெட்டு போடணும்!”

டிக்கெட் பரிசோதகர் வழியில் நின்றால், “வயித்துல கரைக்கிறவரு நிக்கிறாரு, எல்லாரும் டிக்கெட்ட கையில எடுத்துக்கங்க” என்று அறிவிப்பார். ஒருமுறை அது பரிசோதகர் காதிலேயே விழுந்துவிட்டது. “யாருய்யா அது, வயித்துல கரைக்கிறவரு?” என்று அவர் புருவத்தைத் தூக்க, “அது ஒண்ணும் இல்ல சார், நம்ம டிரைவர் வூட்டு விசேசத்துக்குப் புளி கரைக்க ஆள் பேசிக்கினு இருந்தோம்” என்றார் புளிமூட்டை, கண்ணிமைக்காமல். வீட்டில் எந்த விசேஷமும் இல்லாத டிரைவர் கண்ணாடியில் பார்த்து முறைத்தார். அந்த டிரைவர் அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து இவரே பேசிவிடுவதால் அவருக்கு அவசியம் ஏற்படவில்லை போலிருக்கிறது.

பஸ்ஸில் யாராவது தேர்தல் வாக்குறுதி பேசினால், “அது புளிச்சு, பொங்கி, வழிஞ்சு, தொடச்சும் போட்டாச்சுய்யா” என்பார். கல்யாணப் பத்திரிகையோடு யாராவது ஏறினால் மாப்பிள்ளை பிடித்தது புளியங்கொம்பா, முருங்கைக் கொம்பா என்று தீர விசாரிக்காமல் சில்லறை தரமாட்டார். என்னையும் விடவில்லை. “தோ நிக்கிறாரே, அச்சாபீசு தம்பி, இவருக்கு ஒரு புளியங்கொம்பு தேடறேன். யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கம்மா!” என்று ஒரு தீபாவளி நெரிசலில் அவர் ஏலம் போட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் அத்தனை தலைகள் திரும்பிப் பார்த்தபோது நான் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாற்று நட்டுவிட்டு முதுகு வலிக்க ஏறும் பெண்கள் நின்றால் அவருக்குப் பொறுக்காது. நன்றாக உண்டு கொழுத்து உட்கார்ந்திருப்பவரிடம் போய், “ஐயா, நீங்க புளிச்ச ஏப்பக்காரரு. அந்த அம்மாது பசி ஏப்பம். கொஞ்சம் எழுந்து நின்னீங்கன்னா உங்களுதும் செரிக்கும், அதுக்கும் புண்ணியமா பூடும்” என்பார். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. விசிலையும் சட்டையின் பித்தளைப் பொத்தானையும் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக வைத்திருப்பார். அவர் பக்கத்தில் வந்தாலே ரசம் வாசனை அடிக்கும்.

இவ்வளவு பேசுகிற மனிதர் வாயடைத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. அவருக்கும் அவர் மனைவி அஞ்சலைக்கும் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் அதே உரக்கடைக்காரர், பேச்சு வேகத்தில், “உன் மரம் பூக்கறதோட சரியா, காய்க்கவே மாட்டேங்குதே?” என்று கேட்டுவிட்டார். புளிமூட்டை நான் இறங்குகிற வரைக்கும் டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். ஒரு ‘புளி’கூட வரவில்லை. பஸ்ஸில் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு வந்தோம். உரக்கடைக்காரர் இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியாள் வாயை மூடலாம். கூடப் பிறந்தவள் வாயை யார் மூடுவது? பாகூரில் அவருக்கு ஒரு அக்கா. பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறி, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பின்வாசலில் தொங்கும் தம்பியோடு பஸ்ஸின் முழு நீளத்துக்கும் சத்தமாகக் குடும்ப விஷயம் பேசுவாள். நடுவில் இருக்கும் நாங்கள் எல்லோரும் வேறு வழியில்லாமல் அந்தக் குடும்பத்தில் உறுப்பினர் ஆகியிருந்தோம்.

“எத்தினி வருசம்டா பாத்துகினே கெடப்ப? நல்ல பொண்ணா வேற ஒண்ணு பாக்கறேன், கட்டிக்கோ. அஞ்சலையும் ஒரு பக்கமா இருந்துட்டுப் போவட்டும்!”

“யக்கா, பழுத்துக் காஞ்ச புளிதான் ஓட்ட வுட்டுக் கழலும். நானும் அதுவும் இன்னும் செங்காயி. ஓடும் சதையும் ஒட்டிக்கினு கீறோம். நகத்தால பேத்தாலும் வராது. நீ டிக்கெட்டு எடு.”

அத்தனை சொற்களைத் திருத்தியும் புருஷன் பெண்டாட்டி உறவை இவ்வளவு நறுக்கென்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்றையிலிருந்து அவர் புளியை நான் மனசுக்குள்கூடத் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

அக்கா விடுகிற ஆளா? அந்தக் கார்த்திகையில் ஒரு சாயந்தரம், மூலக்குளத்தில் புதுப் புடவையோடு ஏறினாள். ஏறியதும் ஏறாததுமாக இடுப்புச் சுருக்குப் பையைத் தட்டிக் காட்டினாள்.

“தம்பி! பொண்ணு பாத்துட்டேன். இங்கியே மூலக்குளத்துல. போட்டோ கையில கீது. நீ ஒண்ணும் பேச வாணாம். இன்னிக்கு நேரா உன் வூட்டுக்கு வந்து அஞ்சலைகிட்ட நானே சொல்லிடறேன்.”

“யக்கா, வாணாம்க்கா. அது தாங்காது.”

புளி இல்லாத வாக்கியம்! பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் செத்துப் போயிருந்தது. அக்கா வைத்த கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்து வில்லியனூர். அங்கேதான் அவர் வீடு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அஞ்சலை தலையில் இடி விழப்போகிறது என்று நினைத்தபோது எனக்கே வயிற்றில் புளியைக் கரைத்தது.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. அப்போது வில்லியனூர் பக்கமிருந்து ஒரு சைக்கிள் பறந்து வந்தது. மளிகைக்கடை பாய். புளிமூட்டை வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். கேட்டுக்குக் கீழே சைக்கிளைச் சாய்த்து நுழைத்து, தலையில் குல்லா கோணிக்கொண்டு போக, மூச்சு வாங்க வந்து பஸ்ஸின் முன் ஜன்னலைப் பிடித்தார். கண்டக்டரோ பின்னால் எங்கேயோ கூட்டத்துக்குள் புதைந்திருந்தார். அதனால் ஜன்னலோரம் இருந்த கீரைக்கார அம்மாளிடம் பாய் ஏதோ கிசுகிசுத்தார்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவள் பக்கத்துப் பெண்ணின் காதைக் கடித்தாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு பின்சீட்டுக்கு அனுப்பினாள். சேதி பெண்கள் பக்கம் முழுக்கக் கைமாறி வந்தது. வந்த இடமெல்லாம் சிரிப்பு. அக்கா காதில் மட்டும் விழாமல் பார்த்துப் பார்த்து, அவள் சீட்டைச் சுற்றி அனுப்பினார்கள். கடைசியில் அது பெண்கள் பக்கம் முடிந்து ஆண்கள் பக்கம் ஆரம்பிக்கிற எல்லைக்கு வந்தது. எல்லையில் நின்றவர் நம்முடைய உரக்கடைக்காரர். அவர் காதில் வாங்கி, தலையை ஆட்டி, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார்.

“புளிமூட்ட! உன் வூட்ல புளி வேணுமாம்யா! வாங்கியாரச் சொன்னாங்களாம்!”

இருந்த மனநிலைக்கு அவருக்கு வந்ததே ஒரு கோபம்!

“புளியா? நேத்துதானேய்யா ஒரு பானை அடைச்சு வெச்சேன்! அதுவும் யார்கிட்ட வாங்கினது? தோ, இந்த பாய் கடையிலதான். அவுரு கடையில மூட்ட மூட்டயா புளிய வெச்சிக்கினு, கேட்டுக்கு அடியில பூந்து வந்து என்னாண்ட புளி கேக்கறாரு! யோவ் பாய், உன் கடைப் புளிய உனக்கே நான் வாங்கியாந்து குடுக்கணுமா?”

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடக்க முடியாமல் வெடித்தது. ஆண்கள் பக்கத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சொல்வதில் என்ன தப்பு? நியாயமான கேள்விதானே என்று பட்டது எனக்கு. பாய் பாவம், ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அக்கா தலையைத் திருப்பினாள்.

“பாயி, இங்க வா. அஞ்சலை இன்னா கேட்டா? கேட்டத கேட்ட மாதிரி சொல்லு.”

பாய் ஆறு பிள்ளை பெற்றவர். விஷயம் தெரியாமல் இல்லை. இத்தனை பேர் முன்னால் சொல்லக் கூச்சம். சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இல்லக்கா… வாய்க்குப் புளிப்பா இன்னாவாவது வேணும்னாங்களாம். எங்க வூட்ல இருந்த எலுமிச்சங்கா ஊறுகாய அப்படியே வழிச்சித் துன்னுட்டாங்களாம். காலையிலேர்ந்து ஒரே வாந்தி. ‘ஓடிப்போய் அண்ணன்கிட்ட சொல்லிட்டு வாங்க’ன்னு எங்க வூட்டம்மா துரத்தி வுட்டாங்க. அவ்ளோதான்க்கா எனக்குத் தெரியும்.”

அக்கா எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதிரே ரயில் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

“அட மண்டு! புளி இல்லடா! புளிப்பு! புளிப்புடா!”

புளி சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி பின்வாசலிலிருந்து திருப்பிக் கேட்டார்: “ரெண்டும் ஒண்ணுதானேக்கா?”

அச்சகத்தில் ஒரு ‘ப்பு’ விட்டுப்போனால் ஓரத்தில் கோடு இழுத்துச் சேர்த்துவிடுவோம். அரை நொடி வேலை. ஆனால் அந்த பஸ்ஸில் அந்த ‘ப்பு’ போய்ச் சேர நேரம் எடுத்தது. முதலில் உரக்கடைக்காரர் “அடடே” என்றார். அப்புறம் ஒவ்வொருவராக, நான் உட்பட, வாயைப் பிளந்தோம். கடைசியாகத்தான் அது அவரிடம் போனது. வாய்க்குக் கொண்டுபோன விசில் நழுவிச் சட்டைப் பொத்தானில் மோதியது. எத்தனை காலி சீட் இருந்தாலும் பஸ்ஸில் உட்காராதவர், அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“நெசமாவாக்கா?”

“பின்ன பொய்யாவா? அதுக்கு எப்ப ஊறுகாய் புடிச்சுது, இன்னிக்கு வழிச்சித் துன்ன?” அக்காவின் குரல் உடைந்துபோனது. “மூலக்குளத்துக்காரங்க போட்டோவ நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். அந்தப் பொண்ணுக்கும் நல்ல எடமா நானே தேடறேன். எல்லாரும் நல்லா இருக்கட்டும்பா.”

கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்துத் தள்ளின. விசில் வரவில்லை. எப்போதும் வாயைத் திறக்காத டிரைவர் சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பி, “ரைட் குடுப்பா, அப்பனே!” என்றார். அந்த ‘அப்பனே’வுக்கு பஸ் ஆர்ப்பரித்ததில் கூரைத் தகடு அதிர்ந்தது.

ரைட் கொடுத்தது அக்காதான். “எடுய்யா வண்டிய! போற வழியில புளியமரத்தாண்ட நிறுத்து. வாயால கேட்டுக்கீறா, வெறுங்கையோட போய் நிக்கிறதா?”

சாலையோரம் முதல் புளியமரம் வந்ததும் பஸ் நின்றது. ஒருவர் விடாமல் இறங்கினோம். கிளைகளில் பச்சைக் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அக்கா புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லைப் பொறுக்கினாள். உரக்கடைக்காரர் எறிந்த கல் மரத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. நாற்று நடும் பெண்கள்தான் குறி தப்பாமல் அடித்தார்கள். டிரைவர் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்துக் கிளைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்த, புளிமூட்டை ஏணியில் ஏறிக் கூரை மேல் நின்று, இரண்டு கையாலும் கிளையை உலுக்கினார். காய் மழையாகக் கொட்டியது. நான் சட்டையை விரித்துப் பிடித்தேன். அதில் விழுந்த கறை கடைசிவரை போகவில்லை.

“போதும்யா, மரத்த வுட்டு வெய்யி! மசக்கை ஒரு நாளோட முடியுதா?” என்று கீரைக்கார அம்மாள் கத்தியும் அவர் காதில் விழவில்லை.

அதன் பிறகு பஸ் எங்கேயும் நிற்கவில்லை. கண்ணில் பட்ட ஆளையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்ளும் பஸ், கை காட்டியவர்களையெல்லாம் புழுதியில் விட்டுவிட்டுப் பறந்தது. பின்னால் ஓடிவந்தவர்கள் திட்டியது கேட்டது. உள்ளே இருந்த நாங்கள் அவர்களுக்கும் கையாட்டினோம். ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டே மீதியைப் படிப்பீர்கள்.

வில்லியனூரில் பஸ் முழுசாக நிற்கும் முன்பே அவர் குதித்தார். துண்டு நிறையப் புளியங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு, காக்கிப் பையும் டிக்கெட்டும் ஆட, சந்துக்குள் ஓடினார். அக்கா பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கண்டக்டர் இல்லாமல் பஸ் போக முடியாது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

பாகூர் போக வேண்டியவர்கள் இருந்தார்கள். வீட்டில் போய் உலை வைக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். கரிக்கலாம்பாக்கத்தில் என் அம்மா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். அந்த பஸ் ஒரு நிமிஷம் தாமதமானால் அதன் ஏழு தலைமுறையைத் திட்டுகிற ஜனங்கள்தான் அத்தனை பேரும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இருட்டும் வரைக்கும், பச்சைப் புளியங்காயைக் கடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவர் ஓடிய சந்து முனையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

ஒருவழியாக அவர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. படியில் ஏறி விசிலை வாயில் வைத்து ஊதினார், காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார், உதடு குவியாமல் சிரிப்பில் விரிந்துகொண்டே போனது.

“இன்னா எல்லாரும் இப்படியே குந்திக்கினு கீறீங்க? உங்களுக்கெல்லாம் நேரமாவலியா?”

யாருக்கும் ஆகவில்லை. எனக்கு இன்னும்கூட ஆகவில்லை. அந்த பஸ்ஸில், அந்த மனிதர் கண்ணில் படுகிற தூரத்தில், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.